வெளியே கீறல்கூட இல்லை, உள்ளே இரத்தக் கசிவு: விபத்துக்குப் பின் வயிற்றில் செய்யப்படும் அவசர அறுவைச் சிகிச்சை

மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவர் தானே எழுந்து நிற்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, சட்டையில் மண், அவ்வளவுதான். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார், ஒரு குவளை மைலோ குடித்துவிட்டுப் படுக்கிறார். இரவு பத்து மணிக்கு வயிறு கல்லாக இறுகுகிறது. முகம் வெளுத்து, வியர்வை கொட்டுகிறது. அப்போதுதான் வீட்டார் கார் தேடி ஓடுகிறார்கள்.

வயிற்றுக் காயத்தின் ஆபத்தே இதுதான். கை உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். தலையில் அடிபட்டால் மயக்கம் வரும். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் முதல் சில மணி நேரத்துக்கு எதுவும் தெரியாமல் போகலாம். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் ஒன்றரை லிட்டர் வரை வெளியேறும் வரைக்கும் உடல் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். இளவயதினரின் உடல் இன்னும் நன்றாகவே தாங்கும். பிறகு ஒரே சரிவாகச் சரியும்.

காயம் ஏற்படும் விதம் எளிமையானது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி முனை வயிற்றில் குத்துகிறது. தோல் கிழிவதில்லை. ஆனால் வலப்பக்க விலாவுக்குக் கீழே இருக்கும் கல்லீரல், இடப்பக்கத்து மண்ணீரல், நடுவே முதுகெலும்போடு நசுங்கும் குடல், இவற்றில் ஏதோ ஒன்று பிளந்துவிடுகிறது. காரில் போகிறவர்களுக்கு இருக்கைப் பட்டை அழுந்திய இடத்தில் வயிற்றின் குறுக்கே சிவந்த கோடு விழுந்தால், உள்ளே குடல் கிழிந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அதற்காகப் பட்டை அணியாமல் போகலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பட்டை இல்லாதவர் உயிரிழக்கும் அபாயம் இன்னும் அதிகம்.

மலேசியச் சாலைகளில் 2023ஆம் ஆண்டு 6,443 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். மலாக்கா மாநிலத் தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1896ஆம் ஆண்டு டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலம் தொடங்கி, ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பத்து பிரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். வாகனம் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான். தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கு வேறு ஆபத்துகள் உண்டு. 20 கிலோ எடையுள்ள செம்பனைக் குலை உயரத்திலிருந்து விழுவதும், மேட்டில் டிராக்டர் கவிழ்வதும், நீண்ட அரிவாள் தவறுவதும் வயிற்றைத்தான் பதம் பார்க்கும்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் அடிபட்டால் முதலில் பார்ப்பவர் டிரெசர். கட்டுப் போடுவார், ஊசி போடுவார், அவரால் முடியாதென்றால் தோட்டத்து லோரியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். இப்போது லோரி இல்லை, 999 இருக்கிறது. ஆனால் தூரம் மட்டும் மாறவில்லை. ஆசகானிலிருந்து மலாக்கா நகருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மாவட்ட மருத்துவமனைகள் உள்ளன. வயிற்றைத் திறக்க வேண்டிய அளவுக்குப் பெரிய காயமென்றால் மலாக்கா மருத்துவமனைக்கு மாற்றப்படுவதே வழக்கம். இரத்த வங்கி, அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

சிவப்பு மண்டலத்தில் நடப்பது

அவசரப் பிரிவில் நோயாளிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர் சிவப்பு மண்டலத்துக்குப் போவார். அங்கே மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்த்த கையோடு வயிற்றின் மேல் ஸ்கேன் கருவி ஒன்றை வைத்து நான்கு இடங்களில் தேடுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும் இந்த ஸ்கேன் எந்த உறுப்பு கிழிந்தது என்பதைச் சொல்லாது. வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதைத்தான் காட்டும். இரத்தம் இருந்து, அழுத்தமும் இறங்கிக்கொண்டே போனால் நேராக அறுவைச் சிகிச்சை அறைதான். அழுத்தம் நிலையாக இருந்தால் சிடி ஸ்கேன் எடுக்க நேரம் கிடைக்கும்.

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. "இரத்தம் கசிகிறது என்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் செய்யவில்லையே" என்று வெளியே காத்திருப்பவர்கள் கோபப்படுவதுண்டு. கல்லீரல், மண்ணீரல் காயங்களில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலேயே ஆறிவிடும் என்பது கடந்த சில பத்தாண்டுகளில் மருத்துவம் கற்றுக்கொண்ட பெரிய பாடம். இரத்த அழுத்தம் நிலையாக உள்ளவரைப் படுக்கையில் வைத்து, மணிக்கு மணி கவனித்து, இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதும் சிகிச்சையே. குடல் கிழிந்திருந்தால் மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. கழிவு வயிற்றுக்குள் பரவிவிடும்.

அறுவைச் சிகிச்சை என்று முடிவானால், நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து தொப்புளைத் தாண்டி அடிவயிறு வரை ஒரே நீளக் கீறல். சின்னத் துளை போட்டுச் செய்யும் முறைக்கு இங்கே பெரும்பாலும் நேரம் இருக்காது. வயிற்றைத் திறந்ததும் நான்கு மூலைகளிலும் துணித் திண்டுகளை அடைத்து இரத்தத்தை நிறுத்துவார்கள். பிறகு ஒவ்வொரு மூலையாக எடுத்து எங்கிருந்து கசிகிறது என்று தேடுவார்கள். மண்ணீரல் சிதைந்திருந்தால் அதை எடுத்துவிடுவார்கள். அது இல்லாமலும் மனிதர் வாழ முடியும். கல்லீரலை அப்படி எடுக்க முடியாது. அதற்குள் போகும் இரத்தக் குழாய்களை விரலால் இறுக்கிப் பிடித்து நேரம் வாங்கும் முறையை 1908இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஹோகார்த் பிரிங்கிள் எழுதிவைத்தார். நூற்றாண்டு கடந்தும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

முன்பெல்லாம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தைத்து முடித்துவிடவே முயன்றார்கள். மணிக்கணக்கில் நீண்ட அறுவைச் சிகிச்சை வெற்றியாக முடியும், நோயாளி இறந்துவிடுவார். காரணம் மூன்று: உடல் குளிர்ந்துவிடுகிறது, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, இரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது. ஒன்று மற்றொன்றை மோசமாக்கும். 1993இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மருத்துவர்கள் மாற்று வழிக்குப் பெயரிட்டு எழுதினார்கள். முதலில் இரத்தத்தையும் கழிவுக் கசிவையும் மட்டும் நிறுத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடு, தீவிர சிகிச்சைப் பிரிவில் உடலைச் சூடேற்று, ஓரிரு நாள் கழித்து மீண்டும் உள்ளே போய் மிச்ச வேலையை முடி. ஓட்டை விழுந்த போர்க்கப்பலை மூழ்காமல் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் கடற்படை வழக்கத்திலிருந்து எடுத்த பெயர் அது. ஆகவே, வயிறு தைக்கப்படாமல் பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்டிருப்பதைப் பார்த்து, மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று உறவினர்கள் அழத் தேவையில்லை.

உலக நிலவரம்

2015இல் லான்செட் ஆணையம், உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை எட்டவில்லை என்று கணக்கிட்டது. ஒரு மருத்துவமனை தகுதியானதா என்பதற்கு அது வைத்த அளவுகோல்கள் மூன்று. ஒன்று வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை. மற்ற இரண்டும் பிரசவ அறுவையும், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சையும். அந்த இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச்சேர முடிய வேண்டும் என்றும் சொன்னது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முன்னின்று 50க்கும் மேற்பட்ட நாடுகளில் நடத்தி 2025இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. காயத்தின் கடுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், விபத்துக்குப் பின் வயிற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் மிகவும் பின்தங்கிய நாடுகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம்.

விலை குறைந்த மருந்து ஒன்றும் உயிர்களைக் காப்பாற்றுகிறது. இரத்தப் போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தை 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு. அதன் பிறகு கொடுத்தால் கெடுதலும் செய்யலாம். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுப்பவருக்கு இந்த மருந்து கிடைத்தும் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பணம் கட்டும் வரை சிகிச்சை தள்ளிப்போவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. மலேசிய அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு அந்தக் கவலை குறைவு. இங்கே நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் வீட்டுத் தயக்கம்தான்.

வீட்டார் செய்ய வேண்டியது

வயிற்றில் அடிபட்டவருக்குச் சாப்பாடு, தண்ணீர், மைலோ எதுவும் கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது பல வீடுகளில் முதல் வைத்தியம். அன்பால் செய்வதுதான், ஆனால் உறைந்து நின்ற இரத்தத்தை மீண்டும் ஓடவைக்கும். குத்தியிருக்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. நம் ஊர் வெயிலிலும் அடிபட்டவர் உடல் குளிரும், போர்வை போர்த்த வேண்டும். இடது தோளில் காரணமில்லாத வலி, மயக்கம், தாகம், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் அதை முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மண்ணீரல் எடுக்கப்பட்டவருக்கு நிமோகாக்கஸ் உள்ளிட்ட கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். சாதாரணக் காய்ச்சல்கூட அவருக்குச் சில மணி நேரத்தில் ஆபத்தாகலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும். நீளக் கீறல் ஆறும் வரை பாரம் தூக்கக் கூடாது. தூக்கினால் தழும்பின் வழியே குடல் புடைக்கும். குலை ஏற்றும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மண்டோரின் அவசரத்துக்காகத் திரும்பக் கூடாது.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், அந்த நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். சொந்த வேலையாக வழியை விட்டு விலகிப் போயிருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அதனால் போலீஸ் புகாரில் எங்கிருந்து எங்கே போனார், எந்தச் சாலையில் விழுந்தார் என்பதைத் தெளிவாக எழுதி, நகலை வீட்டில் வைத்திருப்பது நல்லது.