கூழின் வரலாறு: வீட்டு அடுப்பும் சாதியும்



நினைவுப் பேருரைகளில் போராட்டங்களைப் பேசுகிறோம், சட்டங்களைப் பேசுகிறோம், இலக்கியத்தைப் பேசுகிறோம். இன்று அடுப்படியைப் பேச எடுத்துக்கொண்டோம். நம் வீடுகளில் என்ன சமைத்தார்கள், ஏன் அதைச் சமைத்தார்கள், எப்போது அதைக் கைவிட்டார்கள் என்பதும் நம் வரலாறுதான். அதை நாம் எழுதாவிட்டால் மற்றவர்கள் எழுதுவார்கள். இப்போது எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

2018இல் ஒன்றிய அரசு கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு முதலியவற்றை 'ஊட்டச்சத்துத் தானியங்கள்' என்று அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இந்தத் தானியங்களுக்கு 'ஸ்ரீ அன்ன' என்று பெயர் சூட்டினார்கள். பட்டை தீட்டாத தானியம், பயறு, கீரை, வீட்டிலேயே சமைத்த சாப்பாடு என்று மருத்துவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அறிவுரையில் பிழையில்லை. நம் கேள்வி வேறு. இதே உணவு நம் வீட்டில் இருந்தபோது அது ஏன் இழிவாக இருந்தது? பெருமைக்குரியதாக ஆன பிறகு அது நம் வீட்டில் ஏன் இல்லை?

கூழ் சமைப்பது எளிய வேலை என்று நினைப்பவர்கள் அதைச் சமைத்திருக்க மாட்டார்கள். வட ஆற்காடு, செங்கற்பட்டுப் பக்கங்களில் கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி இறக்குவார்கள். ஆறிய பிறகு உப்பும், கிடைத்தால் மோரும் சேர்த்துக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, வரப்பில் பறித்த கீரை. கேழ்வரகு மிகச் சிறிய தானியம் என்பதால் தவிட்டோடு முழுதாகவே மாவாகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வெள்ளை அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கு. புளிக்க வைப்பதும் முளைகட்டுவதும் தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகின்றன. ஆய்வுக்கூடங்கள் காரணம் சொல்வதற்கு முன்பே நம் பெண்கள் இதைச் செய்துவந்தார்கள்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி வரலாறுதான். கூழ் நாம் விரும்பித் தேர்ந்த உணவாக இருக்கவில்லை. பண்ணை வீட்டுக் களத்தில் பனையோலைப் பட்டையிலும் கொட்டாங்குச்சியிலும் மேலிருந்து ஊற்றப்பட்ட உணவு அது. போதுமான அளவிலும் கிடைக்கவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையில் உழைத்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு அது போதாது என்று எதிர்த்தார். தானியம் எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் வயிறு நிறையாத இடத்தில் அது ஆரோக்கிய உணவு ஆகாது.

உழைப்புக் கணக்கும் ஒன்று இருக்கிறது. கேழ்வரகும் கம்பும் கதிரடித்தாலே உமி பிரிந்து வந்துவிடும். வரகும் சாமையும் அப்படியல்ல. உரலில் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். நாள் முழுக்க நடவு நட்டும் களையெடுத்தும் திரும்பிய பெண்களே இரவில் உலக்கை பிடித்தார்கள். 'பாட்டி சமையல்' என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்களின் பேச்சில் அந்தத் தோள்வலி வருவதில்லை.

அதனால்தான் நெல்லுச்சோறு நம் மக்களின் கனவாக இருந்தது. சமூகவியலில் எம்.என்.சீனிவாஸ் முன்வைத்த 'சமஸ்கிருதமயமாதல்' என்ற கருத்தைக் கொண்டு, ஒடுக்கப்பட்டோர் மேல்சாதி உணவுக்கு மாறுவதை வெறும் போலச்செய்தலாக விளக்கிவிடுகிறவர்கள் உண்டு. நெல்லுச்சோற்றுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. காவிரிச் சமவெளியில் நெல்லை விளைவித்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் தம் விளைச்சலில் பங்கு கேட்டார்கள். கேட்டதற்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்கு, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. வெள்ளைச் சோற்றை ஆரோக்கியக் கேடு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசட்டும். நம் பெற்றோர் சோற்றுக்கு மாறியதில் தன்மானம் இருந்தது.

நாம் கேட்ட நெல் நம் தட்டுக்கு வந்தபோது தவிட்டை இழந்திருந்தது என்பது வரலாற்றின் அடுத்த பகுதி. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூரில் இந்தியாவின் பல பகுதி உணவுகளையும் எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவைத் தின்றவை நன்கு வளர்ந்தன. பட்டை தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட வங்காள உணவும் சென்னை மாகாண உணவும் தின்றவை நலிந்தன. அந்த ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆக, தீட்டிய அரிசியின் குறை அரசுக்கு முன்பே தெரியும். ஆனாலும் பசுமைப் புரட்சிக்குப் பிறகு ஆதரவு விலையும் கொள்முதலும் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே அமைந்தன. நியாயவிலைக் கடையில் அரிசி வந்தது; பட்டினி பின்வாங்கியது. அது பெரிய வெற்றி, அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் கூடவே பயறும் எண்ணெயும் கீரையும் முட்டையும் கறியும் போதுமான அளவில் வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் அடுப்பிலிருந்து தானியத்தை மட்டும் எடுத்துப் புனிதப் பெயர் சூட்டியவர்கள், அதே அடுப்பில் வெந்த மாட்டுக்கறியையும் உப்புக்கண்டத்தையும் ரத்தப் பொரியலையும் நத்தையையும் வெளியே தள்ளிவிட்டார்கள். ரத்தசோகைக்கு எளிதில் உடலில் சேரும் இரும்புச்சத்து இறைச்சியில்தான் இருக்கிறது. மராட்டியத்தில் ஷாஹு பாடோளே தலித் சமையலை 2015இல் நூலாகவே எழுதினார். தமிழிலும் அப்படி முழுமையாக எழுத வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.

பொருள் ஏற்கப்பட்டாலும் கை ஏற்கப்படவில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். ஆரோக்கிய உணவைப் பற்றி எழுதும் பக்கங்களில் இந்தச் செய்திக்கு இடம் கிடைப்பதில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது? கூழைக் கைவிடவும் வேண்டாம், அதைக் கும்பிடவும் வேண்டாம். அரிசியோடு கேழ்வரகையும் கம்பையும் நம் அடுப்புக்கு மீட்டெடுப்போம். கடையில் பளபளப்பாக விற்கும் சாமையும் வரகும்கூடப் பெரும்பாலும் தவிடு நீக்கியவை. பார்த்து வாங்க வேண்டும். முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு, நம் கறி எதையும் வெட்கமின்றிச் சமைப்போம். அதைப் பெண்கள் மட்டுமே சமைக்க வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போய்வந்த பெண்ணிடம் முளைகட்டு, புளிக்கவை, அரை என்று சொல்வது புதிய உலக்கையைக் கையில் கொடுப்பதாகும். மேடையில் சமத்துவம் பேசும் நம் ஆண் தோழர்கள் துடுப்பைப் பிடிக்கட்டும்.

வீட்டுக்கு வெளியே கேட்க வேண்டியவையும் உண்டு. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அரிசியைக் குறைக்காமல் எல்லா மாவட்டங்களிலும் அதைக் கூடுதலாகக் கேட்போம். ஆதிதிராவிடர் நல விடுதிகளின் உணவுப் பட்டியலில் கேழ்வரகும் கீரையும் கறியும் இடம்பெற மாணவர்கள் போராட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் இருக்கிறது. ட்ரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனது. அதை மீட்கப் போராடி 1994இல் செங்கற்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டார்கள். சிறுதானியம் விளையும் புன்செய் நம் கையில் இல்லாதவரை, நம் தானியத்தை நாமே அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருப்போம்.

நல்ல சாப்பாடு தனிமனித ஒழுக்கம் என்கிறார்கள். அது கூலியாலும் நிலத்தாலும் நேரத்தாலும் ஆனது என்று நம் வரலாறு காட்டுகிறது. மாணவ நண்பர்கள் இந்த விடுமுறையில் தத்தம் வீட்டு மூத்தவர்களிடம் என்ன சமைத்தீர்கள், அதற்கான தானியம் எங்கிருந்து வந்தது, யார் குத்தினார்கள் என்று கேட்டு எழுதிவாருங்கள். அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.