பலகைச் சந்தில் பிடித்த சாம்பல்

1932, பாரிஸ். சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் ஏதோ பழுதுபார்ப்பு வேலைக்காகப் பலகை வேலி அடைத்திருந்தார்கள். புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தன் லைகா கேமராவைப் பலகைச் சந்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேங்கிய தண்ணீரின் மேல் ஒருவர் தாவினார். சந்து லென்ஸின் அகலத்துக்குப் போதவில்லை. நெகட்டிவின் இடது பக்கத்தை மங்கலான பலகை அடைத்துக்கொண்டது.

தாவும் மனிதரின் குதிகால் தண்ணீரைத் தொடுவதற்கு முந்தைய நொடியைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த நொடியைவிட நெகட்டிவின் மேல்தான் ஆசை. 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் துண்டு அதற்குப் பிறகும் நெடுந்தூரம் போயிற்று.

முதலில் கத்திரிக்கோல். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய நாட்களில் அவர் தன் பழைய பிலிம் சுருள்களை எடுத்து, பிடித்த ஃபிரேம்களை மட்டும் வெட்டி, ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். மற்றவை போயின. அதனால் இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் என்ன எடுத்தார் என்பதைச் சொல்ல பிலிம் வரிசை இல்லை. 1940இல் அவர் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். மூன்றாவது முயற்சியில், 1943இல்தான் தப்பினார். டின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை.

படத்தின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்வது அவருக்கு ஆகாது. இதில் வேறு வழியில்லை, பலகையை நீக்கியாக வேண்டும். நீக்கினால் மிஞ்சுவது சின்னப் பரப்பு. அதைப் பெரிதாக்கும்போது வெள்ளித் துகள்களும் சேர்ந்து பெரிதாகும், நுணுக்கம் குறையும்.

அடுத்தது இருட்டறை. கார்த்தியே-பிரெசோனுக்குப் பிரிண்ட் போடும் வேலையில் நாட்டமில்லை. அதைப் பியர் காஸ்மன் 1950இல் பாரிஸில் தொடங்கிய பிக்தோ கூடத்திடம் ஒப்படைத்தார். யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த வோயா மித்ரோவிச், 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே அவருடைய படங்களை அச்சிட்டார். அவர்களிடம் கார்த்தியே-பிரெசோன் கேட்டது ஒன்றே: அப்பட்டமான கறுப்பும் வெறும் வெள்ளையும் வேண்டாம், நடுவிலுள்ள சாம்பல்கள் எல்லாம் வேண்டும்.

இந்தப் படத்தில் அது லேசான காரியமில்லை. வானமும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சாம்பல். பின்னால் இரும்புக் கம்பி வேலி, மங்கலான மணிக்கூண்டு, இன்னொரு தாவும் உருவத்தோடு ஒரு சுவரொட்டி. முன்னால் தண்ணீரில் கிடக்கும் ஏணியும் வளையங்களும். கான்ட்ராஸ்ட் கூடிய தாளில் போட்டால் மணிக்கூண்டு வெள்ளையில் கரையும், மனிதர் வெறும் கறுப்பு வெட்டாகிவிடுவார். மென்மையான தாளில் போட்டால் எல்லாம் அழுக்குத் தண்ணீர்போல் கலங்கிவிடும். எனவே தாளின் தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்லார்ஜர் ஒளியில் சில இடங்களைக் கையால் மறைத்துக் காக்க வேண்டும், வெளிறும் மூலைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும். விநாடிக் கணக்குப் பிசகினால் வானம் கனத்துவிடும். இதை ‘வெறும் அச்சு வேலை’ என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை இருட்டறைக்குள் நின்று பார்க்கலாம். தெருவில் கிடைத்தது ஒரு உருவ அமைப்பு. அந்த மழைக்காலப் பிற்பகல்போன்ற ஈரம் வந்தது தாளில்தான் என்பது என் கட்சி.

கைபேசித் திரையில் இன்று உலவும் பிரதிகள் பெரும்பாலும் கூர்மையாக்கப்பட்டவை. மணிக்கூண்டு துலங்கும், மனிதர் எடுப்பாக நிற்பார், பார்க்கக் கவர்ச்சிதான். ஆனால் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை.

கார்த்தியே-பிரெசோன் 2004இல் மறைந்தார். தனக்குப் பிறகு நெகட்டிவ்களிலிருந்து புதிய பிரிண்ட் போடக் கூடாது என்பது அவர் விருப்பம். ஆகவே ஏலங்களுக்கு வருபவை அவர் காலத்துப் பிரிண்ட்கள் மட்டுமே. வாங்க வருபவர்கள் அவற்றின் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு, அவை எந்தப் பத்தாண்டில் அச்சானவை என்று விசாரிக்கிறார்கள்.