‘கடைசி’ என்னும் சொல்லின் விலை

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பழைய மோட்டார் வண்டிகளை விற்போரும் வாங்குவோரும் பெரிதாய் மதிக்கும் சொற்கள் இரண்டுள. ஒன்று ‘நன்கு பேணப்பட்டது’ என்பது. மற்றொன்று ‘கடைசி’ என்பது. இவ்விரண்டும் ஒருங்கே ஒலிப்பது 1976-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட காடிலாக் எல்டொராடோ என்னும் மடக்குக் கூரை வண்டியின் விற்பனையிலேயாம். முதற்சொல் மெய்யான உழைப்பைக் குறிப்பது. இரண்டாஞ்சொல்லோ அறிவுடையோர் பலரையும் மயக்கிப் பணத்தைக் கொட்டச் செய்தது. அவ்வரலாற்றை நேயர்கள் அறிந்து வைத்தல் நன்றெனக் கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் திறந்த வண்டியே எளியோர் வண்டி. மழைக்கும் புழுதிக்கும் தப்பும்படி முழுதும் மூடிய வண்டி அதனினும் விலை மிக்கது. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் மூடியவை நூற்றுக்குப் பத்தே. வண்டிக்கூடு செய்யும் முறை வளர்ந்து விலையும் தாழவே, 1927-இல் அவை நூற்றுக்கு 85 ஆயின. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டியெடுத்த பால் கப்பலேறிச் சென்று அந்நாட்டு டயர்களாய் உருண்ட காலம் அது. மூடிய வண்டி பொதுவாகிவிட்ட பின்னர், திறந்து மூடும் வண்டி செல்வரின் அலங்காரமாயிற்று. ஒரு காலத்தில் வறுமையின் அடையாளம். மறு காலத்தில் செல்வத்தின் அடையாளம். பொருளின் மதிப்பு பொருளில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1939-இல் பிளிமத் கம்பெனியார் கையால் தொடாமலே இயந்திர விசையால் எழுந்து மடங்கும் கூரையை அமைத்தனர். 1953-இல் காடிலாக் கம்பெனியார் எல்டொராடோவை வெளியிட்டனர். பொன் கொழிக்கும் நாடென்று ஸ்பானியர் தேடியலைந்த கற்பனை நாட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. அவ்வாண்டு செய்தவை 532. விலை 7,750 டாலர். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் பதவியேற்ற நாளின் ஊர்வலத்தில் அவ்வண்டியில் நின்று சென்றார். 1965-இல் அந்நாட்டில் மடக்குக் கூரை வண்டிகள் ஐந்து லட்சம் அளவிற்கு விற்பனையாயின.

அதன்பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. குளிர்காற்றுப் பொறி வண்டிக்குள் புகுந்தது; நெடுஞ்சாலைகளில் வேகம் பெருகக் காற்றின் இரைச்சல் பொறுக்கலாகாததாயிற்று; துணிக் கூரையைக் கத்தியால் கிழித்துத் திருடுவது எளிதாயிருந்தது. வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்போரைக் காக்கும் கூரை வேண்டுமென்று அரசாங்கம் விதி செய்யும் என்ற அச்சமும் பரவிற்று. கிரைஸ்லர் 1971-இலும், போர்டு 1973-இலும் இவ்வகையைக் கைவிட்டன. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மடக்குக் கூரை வண்டியை அடியோடு ஒழிக்கும் சட்டம் எக்காலத்தும் பிறக்கவில்லை. அத்தகைய விளைவுடைய விதி செல்லாதென்னும் போக்கிலேயே 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்புக் கூறிற்று. சட்டம் வரவில்லை, வரும் என்ற வதந்தி மட்டும் வந்தது.

1976-இல் அமெரிக்கக் கம்பெனிகள் செய்த மடக்குக் கூரை வண்டி எல்டொராடோ ஒன்றே. இதுவே கடைசி என்று பறைசாற்றப்பட்டது. குறித்த விலை ஏறக்குறைய 11,000 டாலர். செய்தவை 14,000. முடிவில் வந்த 200 வண்டிகள் கூரையும் உடலும் ஒன்றுபோல் வெண்ணிறமாய், சிவப்பும் நீலமும் கலந்த கோடுகளுடன், அந்நாடு விடுதலையடைந்த 200-ஆம் ஆண்டின் நினைவாய் அமைந்தன. ஏப்ரல் 21-ஆம் நாள் டெட்ராயிட் நகரத் தொழிற்சாலையிலிருந்து இறுதி வண்டி வெளிவந்தது. பிள்ளைகளுக்குச் சொத்தாகட்டும் என்று குறித்த விலைக்கு மேலும் கொடுத்து வாங்கி, ஓட்டாமலே கொட்டகையில் பூட்டி வைத்தோர் பலர்.

தோட்டத்துக் கணக்கேடுகளோடு நாள் கழிக்கும் நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. 532 அரியதெனலாம்; 14,000 எங்ஙனம் அரியதாகும்? ஒரே எண்ணத்துடன் ஆயிரக்கணக்கானோர் பூட்டி வைத்த பொருள், பின்னாளில் ஆயிரக்கணக்கில் சந்தைக்குத் திரும்புமன்றோ? இக்கூட்டலை வாங்கியோர் போட்டுப் பார்க்கவில்லை.

1982-இல் கிரைஸ்லர் கம்பெனி லெபாரன் என்னும் மடக்குக் கூரை வண்டியை வெளியிட்டது. 1984-இல் காடிலாக் கம்பெனியே மீண்டும் எல்டொராடோவைக் கூரை மடக்கி விற்றது! வஞ்சிக்கப்பட்டோம் என்று 1976-ஆம் ஆண்டு வண்டிக்காரர் வழக்காடினர், வெற்றி பெறவில்லை. டாலரின் மதிப்பு 1976-க்கும் 2024-க்கும் இடையில் ஐந்து மடங்கிற்கு மேல் தேய்ந்தது. அத்தேய்வைக் கணக்கிட்டால், அவ்வண்டிகளில் பெரும்பாலானவை அன்று கொடுத்த முதலையும் மீட்டுத் தரவில்லை.

பூட்டி வைத்தது காத்ததாகுமோ? அதுவும் இல்லை. 8.2 லிட்டர் எஞ்சினும் 18 அடிக்கு மேற்பட்ட நீளமும் உடைய அவ்வண்டி ஓடாது நின்றால், தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாகும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக் குழாயைத் துருவேற்றும், டயர் வெடிக்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும், மடித்தே கிடந்த கூரைத்துணி மடிப்பில் அற்றுப்போகும். அளவாய் ஓட்டி, எண்ணெய் மாற்றி, துணியை விரித்து உலர்த்தி வந்தவன் வண்டியே இன்றும் நன்கு பேணப்பட்டதாய் நிற்கிறது. அதற்குக் கிடைக்கும் விலை கம்பெனியின் பறைக்குக் கிடைப்பதன்று. பழுது பார்த்தவன் கைக்குக் கிடைப்பது.

தோழர்களே! சம்பள நாளில் நம் லயங்களுக்கும் கடைத்தெருவிற்கும் ‘இதுவே கடைசி, நாளை கிடையாது’ என்று கூவிக்கொண்டு வருவோர் குறைந்தாரில்லை. அவர் விற்பது மனையாயினும் நகையாயினும் சீட்டாயினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கடைசி என்று சொன்னவன் யார்? அதனால் ஆதாயம் யாருக்கு? இதுபோல் இன்னும் எத்தனை உள்ளன? இம்மூன்றிற்கும் விடை பெறும்வரை மடியிலுள்ள பணம் மடியிலேயே இருக்கட்டும்.