பட்டமா, விருதா? பாரத ரத்னாவும் அரசமைப்பின் 18ஆம் உறுப்பும்

இந்தியாவின் மிக உயர்ந்த குடிமை விருதான பாரத ரத்னா 1954 சனவரி 2ஆம் நாள் நிறுவப்பட்டது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்திருந்த அரசமைப்பின் 18ஆம் உறுப்போ, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக எப்பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என விதித்திருந்தது. ராவ் பகதூர், திவான் பகதூர், சர் முதலிய பட்டங்களால் காலனிய அரசு தனக்கு இணக்கமானோரை வளர்த்துக்கொண்ட வரலாறே இத்தடையின் பின்புலமாகும். முதலாண்டில் பாரத ரத்னா பெற்ற மூவருள் சி.வி. இராமன், இராதாகிருஷ்ணன் ஆகிய இருவரும் முன்னரே ஆங்கில அரசிடம் 'சர்' பட்டம் பெற்றவர்கள் என்பது இங்கு நினையத்தக்கது, மூன்றாமவர் இராஜாஜி.

இம்முரண் நாடாளுமன்றத்திலும் எழுந்தது. 1969இல் ஆச்சார்ய கிருபளானி இவ்விருதுகளை ஒழிக்கக் கொணர்ந்த தனிநபர் மசோதா தோற்றது. எனினும் 1977 சூலையில் மொரார்ஜி தேசாய் அரசு அவற்றை நிறுத்திவைத்தது. 1980 சனவரியில் இந்திரா காந்தி அரசு மீட்டெடுத்தது. நிறுத்திய மொரார்ஜியே 1991இல் பாரத ரத்னா பெற்றார் என்பது வரலாற்றின் குறும்பு.

வினாவுக்குச் சட்ட விடை 1995 திசம்பரில்தான் கிடைத்தது. பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தேசிய விருதுகள் பட்டங்கள் ஆகா. சமத்துவம் என்பது தகுதியை மதிக்கத் தடையன்று எனத் தீர்ப்பளித்தது. ஆயின் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ இணைத்தெழுதலாகாது என்றும் வரையறுத்தது. அதாவது, விருதைப் பட்டத்தினின்று பிரிப்பது அதன் இயல்பன்று, அது எழுதப்படும் இடமே என்றாகிறது. அடைமொழியின்றித் தலைவரைச் சுட்டத் தயங்கும் தமிழ் மேடையிலும் சுவரொட்டியிலும் 'பாரத ரத்னா' இன்றும் பெயருக்கு முன்னரே நிற்கிறது.

தீர்ப்பு பெயரொட்டைக் கண்ட அளவுக்கு வழங்கும் கையைக் கண்டதாகத் தோன்றவில்லை. இவ்விருதுக்கு முறையான முன்மொழிவு தேவையில்லை. பிரதமர் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைப்பதே போதும். நேரு 1955இலும் இந்திரா காந்தி 1971இலும் பிரதமராக இருக்கும்போதே இதனைப் பெற்றனர். காமராசர் மறைந்த மறு ஆண்டில், நெருக்கடிநிலைக் காலத்தில், அவருக்கு வழங்கப்பட்டது. 1988இல் எம்.ஜி.ஆருக்கு அளிக்கப்பட்டபோது தமிழகச் சட்டமன்றத் தேர்தல் ஓராண்டுத் தொலைவில் இருந்தது. பெற்றவர்களின் தகுதி இங்கு வினாவன்று. 18ஆம் உறுப்பு அஞ்சியது கொடுப்பவரின் நோக்கத்தையே.