போக்கேயா

போக்கேயா என்பது அனத்தோலியாவின் மேற்குக் கரையில், ஏஜியன் கடலோரம் அமைந்திருந்த பண்டைய கிரேக்க நகரமாகும். அயோனியக் கூட்டமைப்பின் பன்னிரு நகரங்களுள் ஒன்றான இது, தற்போது துருக்கியில் ஃபோச்சா என்று அழைக்கப்படுகிறது.

பெயர்

இப்பெயருக்கு இரு விளக்கங்கள் உள்ளன. கடல்நாயைக் குறிக்கும் 'போக்கே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. நடுக் கிரேக்கத்தின் போக்கிசு பகுதியிலிருந்து வந்த குடியேறிகளால் ஏற்பட்டது என்பது மற்றொன்று. நகரின் பழைய நாணயங்களில் கடல்நாய் உருவம் காணப்படுகிறது. எனினும் இது முதல் விளக்கத்துக்கு முடிவான சான்றாகாது. ரோட்சு நகரத்தார் ரோசாப்பூவைப் பொறித்தது போல, பெயரின் ஒலிக்குப் பொருந்தும் சின்னத்தைத் தேர்ந்தெடுப்பது கிரேக்க நகரங்களில் வழக்கமாக இருந்தது.

தோற்றம்

போக்கிசு மக்கள் ஏதென்சைச் சேர்ந்த இருவரின் தலைமையில் வந்ததாகப் பவுசானியாசு எழுதியுள்ளார். அவர்கள் போரிடாமல், அண்டை நகரமான கைமியிடமிருந்து உடன்பாட்டின் மூலம் நிலத்தைப் பெற்றனர். கோட்ரசு மரபினரை அரசர்களாக ஏற்ற பின்னரே அயோனியர்கள் இவர்களைத் தங்கள் கூட்டமைப்பில் சேர்த்தனர்.

வெளியேற்றம்

கி.மு. 546 அளவில் பாரசீகத் தளபதி ஆர்பகசு நகரை முற்றுகையிட்டார். அடிமைப்பட விரும்பாத மக்கள் குடும்பத்துடன் கப்பலேறினர். இரும்புக் கட்டி ஒன்றைக் கடலில் போட்டு, அது மிதக்கும்வரை திரும்புவதில்லை என்று சூளுரைத்ததாக எரோடோட்டசு கூறுகிறார். ஆயினும் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர் ஏக்கத்தால் சூளுரையை மீறித் திரும்பினர். எஞ்சியோர் கோர்சிகா சென்று, பின்னர் தென் இத்தாலியில் எலியா நகரை நிறுவினர். கி.மு. 600 அளவில் போக்கேயர்கள் நிறுவிய மசாலியாவே இன்றைய மார்சேய். பிரான்சில் அந்நகரம் இன்றும் 'போக்கேய நகரம்' என்று குறிப்பிடப்படுகிறது.