கொல்கத்தாவுக்குக் கிழக்கே மேடாக்கப்படாத நீர்

நகர வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் சாக்கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. விழா மலரில் இது என்ன விஷயம் என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, மழைக்காலத்தில் இந்த ஊர்த் தண்ணீரைக் கடையிலிருந்து வாரி இறைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கொல்கத்தாவின் தரை ஒரு விசித்திரம். ஹூக்ளிக் கரைதான் மேடு. அங்கிருந்து ஊர் கிழக்கே சரிந்துகொண்டே போகிறது. ஆகவே நகரத்துக் கழிவுநீர் பக்கத்திலிருக்கும் பெரிய ஆற்றை விட்டுவிட்டுக் கிழக்கு நோக்கித்தான் ஓடப் பார்க்கும். 1850களில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் இதைப் புரிந்துகொண்டு பாதாளச் சாக்கடையைக் கிழக்கே திருப்பத் திட்டமிட்டார். அந்தப் பக்கம் உப்பு ஏரிகளும் பித்யாதரி என்ற ஆறும் இருந்தன. கடல் ஓதம் ஏறி இறங்கிய அந்த ஆறு சிறிது சிறிதாகத் தூர்ந்து, 1920களின் இறுதியில் செத்துப்போனது. உப்புத் தண்ணீர் வருவது நின்றது. ஊர்ச் சாக்கடை வருவது நிற்கவில்லை. பிறகு 1940களில் கால்வாய் வெட்டிக் குல்டி ஆற்றோடு சேர்த்தார்கள்.

அந்தப் பகுதி மீனவர்களும் குத்தகைதாரர்களும் செய்ததுதான் அதிசயம். கால்வாய்க் கழிவுநீரை அளவாகக் குளத்தில் விட்டு மீன் வளர்க்கப் பழகினார்கள். இந்தக் குளங்களுக்கு வங்காளியில் பேரி என்று பெயர். ஆழம் அதிகமில்லை, மார்பளவுகூட வராது. அதனால் வெயில் அடிவரைக்கும் இறங்கும். வெயிலில் பாசி பெருகும், பாசி விடும் பிராணவாயுவில் அழுக்கு சிதைந்துபோகும், பாசியை மீன் தின்னும். கரையோரம் ஆகாயத்தாமரையை வேலி மாதிரி கட்டி வைத்திருப்பார்கள். அலை கரையை அரிக்காது, கெட்ட உலோகங்களையும் அது ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த நீர் நெல்வயலுக்குப் போகும். பக்கத்திலே தாப்பாவில் குப்பை மேட்டில் காய்கறி விளைந்து சந்தைக்கு வரும். எந்திரமும் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை.

ஜைனனாகிய நான் மீன் பண்ணைக்கு வக்காலத்து வாங்கலாமா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. நியாயமான கேள்விதான், இன்றுவரை என்னிடம் முழுப் பதில் கிடையாது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் என் தாயார் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்க மாட்டார். ஒரு நகரத்துத் தண்ணீரையே வடிகட்டும் இடத்தை மண் போட்டு மூடினால் அங்கே சாகும் உயிர்களுக்குக் கணக்கு யார் வைப்பது? அதுவரை சொல்ல முடிகிறது, அவ்வளவுதான்.

இனி வீடுகளின் கதை. 1947க்குப் பின் லட்சக்கணக்கில் அகதிகள் வந்தார்கள், ஊர் பிதுங்கியது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் வடக்கு உப்பு ஏரியைத் தூர்த்துப் புதுநகர் கட்ட முடிவு செய்தார். 1962 முதல் 1967 வரை ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். யுகோஸ்லாவிய நிறுவனம் வேலை செய்தது. நகரத்தை வரைந்தவரும் அந்நாட்டு டோஷ்கோவிச். இன்றைய சால்ட் லேக் அதுதான். நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. அந்தத் தேவையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை தூர்த்துப் பார்த்த கைக்கு அடுத்த ஏரியும் வெறும் மனையாகத்தான் தெரிந்தது.

என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது என்பதை மறைப்பானேன். 1990இல் ஒரு தரகர் என்னைப் பைபாஸுக்குக் கிழக்கே கூட்டிப்போனார். மனை என்று அவர் கைகாட்டிய இடத்தில் முழங்கால் தண்ணீர். "தண்ணியை விடுங்க தாதா, ரெண்டு வருஷத்துல ராபிஷ் கொட்டி மேடாக்கிடுவோம்" என்றார். பாத்திரக் கடை முதலிலிருந்து பத்தாயிரம் எடுத்து முன்பணம் கொடுத்தேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், கோபமே இல்லாமல், "இதை மேடாக்கினா உங்க தெருத் தண்ணி எங்கே போய் நிக்கும்?" என்று கேட்டார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

அதே சமயம் மாநில அரசு ஈரநிலத்தில் 227 ஏக்கரில் உலக வர்த்தக மையம் கட்ட முனைந்தது. 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு உயர்நீதிமன்றம் போனது. அவர்கள் வழக்குக்கு அடிப்படையாக இருந்தது துருவஜோதி கோஷ் தயாரித்த வரைபடம். அவர் அரசாங்கத்துப் பொறியாளர்தான்! 1980களில் கழிவுநீர் போகும் வழியே நடந்து நடந்து, மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு, குளம் குளமாகப் பதிவு செய்தவர். படித்தவர்கள் 'பயனற்ற சதுப்பு' என்று எழுதிவைத்த இடத்தில் நடக்கும் வேலையைக் கணக்காகக் காட்டினார். 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, ஈரநிலத்தை இனித் தூர்க்கக் கூடாது, பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு வந்த நாளில் நான் மகிழ்ந்தேன் என்று எழுதினால் அது பொய். என் பத்தாயிரம் போனதே என்று தரகரையும் நீதிமன்றத்தையும் சேர்த்து வைதேன். நாளிதழ்களில் வந்ததையெல்லாம் வெட்டிவைத்து, ஆத்திரத்தோடு படிக்க ஆரம்பித்ததுதான் இந்த ஆராய்ச்சியில் கொண்டுவந்து விட்டது. அடுத்த மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து, எவர்சில்வர் குடங்கள் மிதந்தபோது அந்தக் கிழவர் ஞாபகம் வந்தார்.

2002இல் சுமார் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமும், காப்பதற்கென்று ஓர் ஆணையமும் வந்தன. கோஷ் 2018இல் காலமானார். ஆனாலும் ஓரங்கள் கரைந்துகொண்டுதான் இருக்கின்றன. பகவான்பூர் மௌஜா பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். முறை எளிது. முதலில் குளத்துக்கு வரும் கழிவுநீரை அடைப்பார்கள். மீன் இல்லாவிட்டால் மீனவனுக்குக் குத்தகை கட்டாது, விலகிவிடுவான். காய்ந்த தரையில் இரவில் லாரி வரும். அப்புறம் 'இது எப்பவோ வறண்ட நிலம்' என்று காகிதம் வரும்.

வீடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை, எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாதம் என் மகன் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அப்பா, ஏரியைப் பார்த்த வீடாம், விலையும் பரவாயில்லை" என்றான். விற்பவரிடம் மௌஜா பெயரும் தாக் எண்ணும் கேட்கச் சொன்னேன், 2006 சட்டத்தின் அட்டவணையோடு ஒத்துப் பார்க்கலாமே என்று. அனுப்புகிறேன் என்றாராம். இன்னும் வரவில்லை.