மணமும் மனையும்: அவுஸ்திரேலியாவின் வீட்டுக் கொடை

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது முன்னோர் வாக்கு. இரண்டும் ஒருவனுடைய பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை. இவ்விரு சோதனைகளையும் ஒரே காலத்தில் எதிர்கொள்ளும் இளந்தம்பதிகளுக்கு அரசாங்கம் கைகொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவுஸ்திரேலியாவில் 1963 ஆம் ஆண்டிலே தேர்தல் வாக்குறுதியாக வெளிப்பட்டது. அது சட்டமாகி, பன்முறை உருமாறிய வரலாறு, வீடில்லாதோர் உள்ள எந்நாட்டவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

வாக்குறுதி அளித்தவர் பிரதம மந்திரி ரொபர்ட் மென்சிஸ். பதவியிழந்து எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த காலத்தில், 1942 மே 22 ஆம் நாள், அவர் வானொலியில் ஒரு பேச்சு நிகழ்த்தினார். பெருஞ்செல்வரும் அல்லாத, வலிமை மிக்க தொழிற்சங்கங்களின் ஆதரவும் இல்லாத நடுத்தர மக்களே மறக்கப்பட்ட மக்கள் என்பதும், அவர்தம் வாழ்வுக்கு இல்லமே அடித்தளம் என்பதும் அப்பேச்சின் சாரம். 1949 இல் அவர் மீண்டும் ஆட்சிப்பீடம் ஏறினார்.

1947 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டு இல்லங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 53 மட்டுமே குடியிருப்போருக்குச் சொந்தமாயிருந்தன. 1966 இல் அத்தொகை 71 அளவுக்கு உயர்ந்தது. ஆயினும், புதிதாக மணம் புரிந்தோரை ஓர் இடர் வாட்டியது. வங்கிகள் வீட்டின் விலை முழுவதையும் கடனாகக் கொடுப்பதில்லை. ஒரு பகுதியை வாங்குவோரே முற்பணமாகச் செலுத்தல் வேண்டும். வாடகையும் கொடுத்து முற்பணமும் சேர்ப்பது எளிதன்று. அதனைச் சேர்க்க இயலாதவர் பலர் கூடிய வட்டிக்கு இரண்டாவது கடன் பட்டனர்.

இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே 1964 ஆம் ஆண்டின் வீட்டுச் சேமிப்புக் கொடைச் சட்டம். தம்பதிகள் மூன்றாண்டுகளிற் சேமித்த ஒவ்வொரு மூன்று பவுணுக்கும் அரசாங்கம் ஒரு பவுண் கொடுத்தது. 750 பவுண் சேமித்தோர் 250 பவுண் பெற்றனர், அதுவே உச்சவரம்பு. கணவன் மனைவி இருவரில் ஒருவரேனும் 36 வயதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும்; வீட்டின் பெறுமதி 7,000 பவுணை மிஞ்சலாகாது. 1966 இல் டொலர் நாணயம் வந்தபோது 250 பவுண் 500 டொலராயிற்று.

கொடையை விரும்பியவர் முதலிற் சிக்கனத்தைக் கைக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே இத்திட்டத்தின் சிறப்பு. குறையும் உண்டு. மணமாகாது தனித்து உழைத்து வாழ்ந்த ஆணோ பெண்ணோ எவ்வளவு சேமித்தாலும் கொடை பெற இயலவில்லை. வாடகை போகச் சேமிக்க ஒன்றும் மிஞ்சாத ஏழைக்கும் அது எட்டாக்கனியாயிற்று. 1976 இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபொழுது மணமும் வயதும் பற்றிய கட்டுப்பாடுகள் நீங்கின. 1983 இல் வருமானத்தை அளவாகக் கொண்ட வேறொரு திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1990 இல் அதுவும் முடிவுற்றது.

2000 ஆம் ஆண்டு யூலை முதலாந் தேதி, பொருட்கள் மீதும் சேவைகள் மீதும் நூற்றுக்குப் பத்து வீதம் புதிய வரி வந்தது. அதனால் ஏறும் கட்டடச் செலவுக்கு ஈடாக, முதன்முறை வீடு வாங்குவோர்க்கு 7,000 டொலர் வழங்கப்பட்டது. சேமித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வருமான வரம்பும் இல்லை. உலகப் பொருளாதார நெருக்கடி மூண்ட 2008 ஒக்டோபரில் அக்கொடை பழைய வீட்டுக்கு 14,000 டொலராகவும், புதிய வீட்டுக்கு 21,000 டொலராகவும் தற்காலிகமாக உயர்த்தப்பட்டது.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. ஒரு வீட்டை வாங்கப் பத்துப் பேர் போட்டியிடுகின்றனர் எனக் கொள்வோம். பத்துப் பேர் கையிலும் அரசாங்கம் ஒரே தொகையை வைக்குமாயின், ஒருவரும் மற்றவரை முந்துவதில்லை. விலை மட்டுமே முந்துகிறது. வாங்குவோன் பெயரால் வழங்கிய பணம் விற்போன் பெட்டியை அடைகிறது. புதிய வீடு கட்டக் கொடுக்கும் பணமோ, ஓரளவுக்கேனும் வீடுகளின் தொகையைப் பெருக்குகிறது. இக்காரணம் பற்றியே பிற்காலத்தில் மாநில அரசாங்கங்களிற் பல கொடையைப் புதிய வீடுகளுக்கு மட்டும் உரியதாக்கின.

25 முதல் 34 வயது வரையுள்ளோரில் 1981 இல் நூற்றுக்கு 61 பேரளவில் சொந்த வீடுடையோராயிருந்தனர். 2016 இல் அத்தொகை 45 அளவுக்குத் தாழ்ந்தது. நகர நிலத்தின் விலையேற்றம், வீட்டை முதலீடாக வாங்குவோர்க்குக் கிடைத்த வரிச்சலுகை, மணமும் தொழிலும் பிந்துதல் எனக் காரணங்கள் பல. கொடை ஒன்றே இவ்வனைத்தையும் வெல்ல வல்லதாயிருக்கவில்லை.

கைப்பணம் ஒரு குடும்பத்தை வீட்டு வாயில் வரை அழைத்துச் செல்லலாம். ஆனால் நுழைவதற்கு வீடு இருத்தல் வேண்டும். நிலமும், கல்லும், மரமும், தொழிலாளர் கரமும் வேண்டும். மணமக்களுக்கு மொய் எழுதினால் மட்டும் போதாது, அவர்கள் குடிபுகும் மனையும் எழ வேண்டும் என்பதே அவுஸ்திரேலியாவின் நீண்ட அனுபவம் புகட்டும் பாடமாகும்.